நெஞ்செரிவும் ஓர் அகதி வைத்தியரும்

இலங்கையின் மருத்துவ வரலாற்றில் நான் வாழும் ஹெந்தளைக்கு ஓரிடம் உண்டு. ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டில் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதும்படி வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். பிறிதொரு நாள் எழுதுவேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, எவரும் மதில் கட்டி ஒதுக்கிவைக்காத, ஆனால் வீட்டுக்கு ஒருவரையேனும் பிடித்திருக்கும் ஒரு நோயின் வரலாறு. நெஞ்செரிவு என்போம், புளித்த ஏவறை என்போம், பொதுவாக எல்லாவற்றையும் சேர்த்துக் "காஸ்ட்ரைட்டிஸ்" என்று முடித்துவிடுவோம். இரைப்பையிலிருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதே இந்நோய்.

பத்திரிகைத் தொழிலில் இது ஏறக்குறைய ஒரு தொழில்நோய். பக்கம் அச்சுக்குப் போகும்வரை வெறுந்தேநீர், நள்ளிரவில் கொத்துரொட்டி, வீட்டுக்கு வந்ததும் படுக்கை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த இரைப்பையும் எதிர்த்து நிற்கும். வெள்ளவத்தையிலுள்ள நண்பரொருவர், அவரும் இத்தொழிலில் முடி நரைத்தவர்தாம், அண்மையில் என்னிடம் கேட்டார்: "இதற்குச் சத்திரசிகிச்சை உண்டாமே, செய்துகொண்டால் குளிசையை விட்டுவிடலாமா?" இந்தக் கேள்விக்கு மருத்துவர்தாம் விடை சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சத்திரசிகிச்சை எங்கிருந்து வந்தது, செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பவை வரலாற்றுக்குரிய கேள்விகள். அவற்றைத் தேடிப் போனபோது, எனக்கு ஓர் அகதியின் கதை கிடைத்தது.

அதற்குமுன் ஒரு சிறு குறிப்பு. தமிழில் சத்திரசிகிச்சை நூலொன்று 1867 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட "இரண வைத்தியம்" அது. அதே ஆண்டில்தான் கிருமிகளைத் தடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் அறிவித்தார். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே கத்தி வைப்பதென்பது அந்நாளில் எவருக்கும் கனவிலும் வராத காரியம். நெஞ்செரிவை ஒரு நோயாகவே அன்று எவரும் கருதவில்லை. அது உணவின் குற்றம், அல்லது பித்தத்தின் குற்றம். இரைப்பை நீர் மேலேறுவதால் உணவுக்குழாய் புண்ணாகிறது என்ற கருத்தை நியூயோர்க்கில் ஆஷர் விங்கெல்ஸ்ரைன் என்ற வைத்தியர் முன்வைத்ததே 1935 இல்தான்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1933 இல், ருடோல்ப் நிஸ்ஸன் என்ற இளம் சத்திரவைத்தியர் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். 1896 இல் சைலீசியாவின் நைஸ்ஸ என்னும் நகரில் (இன்று அது போலந்தில் நிசா) பிறந்தவர். தந்தையும் சத்திரவைத்தியர். முதலாம் உலகப் போரில் நெஞ்சில் குண்டுக் காயம் பட்டவர். அந்தக் காயம் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. அக்காலத்தில் ஜேர்மனியின் சத்திரவைத்தியர்களுள் முடிசூடா மன்னராக விளங்கிய பேர்டினன்ட் சௌவர்புருக்கின் கீழ் மியூனிக்கிலும் பேர்லினிலும் பணியாற்றினார். 1931 இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் ஒருபக்க நுரையீரலை முழுதாக அகற்றி, அவளைப் பிழைக்கவும் வைத்தார். அதற்கு முன்னர் உலகில் எவரும் அதில் வெற்றி கண்டதில்லை.

அவர் யூதர். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களை அரச பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் 1933 ஏப்ரலில் வந்தது. போர்முனையில் நின்றவர்களுக்கு அச்சட்டத்தில் விதிவிலக்கு இருந்தது. அந்த விதிவிலக்கின் நிழலில் அவர் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. இரண்டொரு ஆண்டில் அந்த விதிவிலக்கும் போய்விட்டது என்பது நாம் அறிந்ததே. நேரத்தோடு புறப்படுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்ற கேள்வியைக் கொழும்புத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலைக்குப் பின் எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி இராப்பகலாக விவாதிக்கப்பட்டது!

துருக்கியில் முஸ்தபா கெமால் அப்போது இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்தார். பிலிப் சுவார்ட்ஸ் என்ற நோயியல் பேராசிரியர் சூரிச்சில் ஓர் உதவிச் சங்கத்தை நிறுவி, வேலை இழந்த ஜேர்மன் அறிஞர்களைத் துருக்கி அரசோடு இணைத்துவைத்தார். ஒரு நாடு துரத்தியவர்களைக் கொண்டு இன்னொரு நாடு தன் பல்கலைக்கழகத்தை நிரப்பியது. நிஸ்ஸன் அங்கே சத்திரசிகிச்சைத் துறைத் தலைவரானார்.

இஸ்தான்புல்லில் 1936 அளவில் நடந்ததுதான் நம் கதையின் வித்து. இருபத்தெட்டு வயது இளைஞரொருவர் உணவுக்குழாயின் அடியில் ஆழமான புண்ணோடு வந்தார். புண்பட்ட பகுதியை நிஸ்ஸன் வெட்டி அகற்றி, எஞ்சிய உணவுக்குழாயை இரைப்பையோடு தைத்து இணைத்தார். அந்நாளில் இத்தகைய தையல் பிரிந்துவிட்டால் நோயாளி பிழைப்பது அரிது. ஆகவே தையலுக்குக் காப்பாக, இரைப்பையின் மேற்பகுதியை எடுத்து அந்த இணைப்பைச் சுற்றிப் போர்த்தித் தைத்தார். பனிக்காலத்தில் கழுத்தில் சால்வை சுற்றுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய நோக்கம் கசிவைத் தடுப்பது மட்டுமே. நெஞ்செரிவு பற்றிய நினைப்பு அதில் இல்லை.

ஆனால் அந்த நோயாளி விடயத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. இரைப்பையின் வாயிலை வெட்டி எடுத்துவிட்டால் அமிலம் தடையின்றி மேலேற வேண்டும். நெஞ்சு தீயாக எரிய வேண்டும். இவருக்கோ எரிவே இல்லை. ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோதும் அவர் நலமாகவே இருந்தார். சுற்றிய போர்வை ஒரு வால்வைப் போலத் தொழிற்பட்டிருக்கிறது. இரைப்பை நிறைந்து அதன் உள்ளழுத்தம் ஏறும்போது போர்வையிலும் அதே அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடியை இறுக்கிவிடுகிறது. எது மேலே தள்ளுகிறதோ அதுவே கதவையும் சாத்துகிறது.

அந்தப் பதினாறு ஆண்டுகளில் நிஸ்ஸனின் வாழ்க்கை மறுபடியும் வேரறுந்து நட்டது. 1939 இல் பழைய போர்க்காயத்துக்குச் சிகிச்சை பெற அமெரிக்கா சென்றவர், போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைத் துறையையே நடத்தியவர், உரிமம் கிடைக்கும்வரை பொஸ்டனில் ஆய்வுத் துணைவராகக் காலங்கழித்தார். இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் சென்று மீண்டும் மாணவராகிப் பரீட்சை எழுதிய நம் வைத்தியர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் அவர் நியூயோர்க்கில் புரூக்ளின் யூத மருத்துவமனையில் பணியாற்றினார். 1948 டிசம்பரில் அங்கே அவருடைய மேசையில் படுத்திருந்தவர் ஆல்பேர்ட் ஐன்ஸ்டைன். வயிற்றின் பெருநாடி வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. நாடியை வெட்டி மாற்றும் முறை அந்நாளில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. நிஸ்ஸன் செய்தது என்ன தெரியுமா? வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றினார். இதுவும் ஒரு போர்வைதான்! அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஐன்ஸ்டைன் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அந்நாடி வெடித்தபோது, மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டாமென்று மறுத்து அமைதியாகக் கண்மூடினார்.

அதே 1955 இல்தான் நிஸ்ஸன் தம் பழைய இஸ்தான்புல் நோயாளியின் பாடத்தை நெஞ்செரிவு நோய்க்கென்றே பயன்படுத்தினார். அப்போது அவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியர். இன்று நம்மவர் பலருக்கு உறவினர் வாழும் ஊர் அது. நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு உணவுக்குழாய் அடியைச் சுற்றி இரைப்பையின் மேற்பகுதியைப் போர்த்தித் தைத்தார். எதையும் வெட்டி அகற்றவில்லை. எரிவு நின்றது. 1956 இல் சுவிஸ் மருத்துவ வார ஏடொன்றில் இதை அறிவித்தார். ஆதாரமாகக் காட்டியது இரண்டே நோயாளிகள். தலைப்பிலும் இதனை ஓர் எளிய சத்திரசிகிச்சை என்றே குறிப்பிட்டார். நோயைத் தீர்ப்பதாகச் சொல்லவில்லை, அதன் போக்கை மாற்றுவதாகத்தான் சொன்னார். இன்றைய மருத்துவ விளம்பரங்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த அடக்கம் வியப்பளிக்கும்.

அந்நாளில் வேறொரு முறைதான் செல்வாக்கோடு இருந்தது. மார்பறையையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டில் (தமிழகத்தார் உதரவிதானம் என்பர்) உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, இரைப்பையின் ஒரு பகுதி மேலே ஏறிவிடுவதுண்டு. அத்துளையைச் சரியாகத் தைத்துவிட்டால் நோய் தீரும் என்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த பிலிப் அலிசன் 1951 இல் எழுதினார். உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். எனக்கு அலிசனிடம் பெருமதிப்பு ஏற்பட்டது அந்தக் கட்டுரையால் அல்ல. 1973 இல், ஓய்வுபெறும் காலத்தில், தம் நோயாளிகளை இருபதாண்டுகள் பின்னோக்கித் தேடிப் பார்த்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கோளாறு திரும்பிவிட்டதென்று அவரே வெளியிட்டார். தம் பெயரால் வழங்கும் சத்திரசிகிச்சையின் தோல்வியைத் தாமே எண்ணிச் சொன்ன மனிதர் அவர்.

நிஸ்ஸன் முறை நிலைத்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. கதவு நன்றாகச் சாத்திக்கொண்டால் கீழிருந்து எதுவும் மேலே வராது, காற்றும் வராது. செய்துகொண்டவர்களுள் சிலருக்கு ஏவறை விட முடியவில்லை, வாந்தி எடுக்க முடியவில்லை, வயிறு ஊதிப்போயிற்று. விருந்து உண்டபின் ஒரு பெரிய ஏவறை விடுவதைத் திருப்தியின் அடையாளமாகக் கொள்ளும் நமக்கு இது சிறு துன்பமன்று. வேறு சிலருக்கு விழுங்குவதே சிரமமாயிற்று. இரைப்பைப் போர்வையை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு நீளத்துக்குச் சுற்றுவது என்பதே அடுத்த முப்பதாண்டுகளின் ஆராய்ச்சி ஆயிற்று. பிரான்சில் டோர் 1962 இலும் தூப்பே 1963 இலும் முழுவட்டமாகச் சுற்றாமல் பாதியளவோ முக்காலளவோ சுற்றும் முறைகளை அறிமுகஞ் செய்தனர். 1970களிலும் 1980களிலும் அமெரிக்கர் போர்வையைத் தளர்வாக்கிக் குறுக்கினர். 1986 இல் டிமீஸ்ரர் குழுவினர் நான்கு சென்ரிமீற்றராக இருந்ததை ஒரு சென்ரிமீற்றராக்கியதன் பயனை எழுதினர். இடையில் 1979 இல் ஏஞ்சல்சிக் என்பவர் சிலிக்கோன் வளையமொன்றை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதுமென்றார். ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டினார்கள். வளையம் இடம்பெயர்ந்தது, உள்ளே அரித்தது, மீண்டும் வயிற்றைத் திறந்து கழற்ற வேண்டியதாயிற்று. செய்வதற்கு எளிதென்ற ஒரே காரணத்துக்காகப் பரவிய முறை அது.

பின்னர் மருந்துகள் வந்தன. 1976 இல் சிமெற்றிடின், 1988 இல் ஒமெப்ரசோல். பின்னது அமிலம் சுரக்கும் இடத்திலேயே அதை அடைத்துவிடுவது. இனி இந்நோய்க்குக் கத்தி எதற்கு என்று எல்லோரும் எண்ணிய வேளையில், 1991 இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் பேர்னார்ட் டலெமாஞ், வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்தி நிஸ்ஸனின் போர்வையைத் தைத்துக் காட்டினார். நெடிய வெட்டுத் தழும்பும் வாரக்கணக்கான படுக்கையும் இல்லையென்றதும் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்காவில் 1990களின் இறுதியில் இச்சத்திரசிகிச்சை உச்சத்தைத் தொட்டது.

வாழ்நாள் முழுதும் குளிசை வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி. நண்பரின் கேள்வியும் அதுதானே. இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான மருத்துவமனைகளில், கடுமையான நோயுடைய 247 பேரை ஸ்பெக்லர் என்ற வைத்தியரின் குழு மருந்துப் பிரிவென்றும் சத்திரசிகிச்சைப் பிரிவென்றும் பிரித்து ஆராய்ந்தது. 1992 இல் வந்த முதல் முடிவு சத்திரசிகிச்சைக்கே வெற்றி என்றது. அவர்களை அக்குழு அத்துடன் விட்டுவிடவில்லை. 2001 இல் மீண்டும் தேடிக் கண்டுபிடித்து விசாரித்தபோது, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 62 பேர் திரும்பவும் வழமையாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சத்திலிருந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது.

அதனால் சத்திரசிகிச்சை பயனற்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. மருந்து எடுப்போர் எல்லாருக்கும் எரிவு உண்டென்பதில்லை. குளிசை எடுக்கும் பழக்கம் மட்டுமே திரும்பியவர்களும் இருக்கக்கூடும். ஐரோப்பாவின் பதினொரு நாடுகளில் 554 பேரிடம் நடத்தப்பெற்று 2011 இல் வெளிவந்த ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் எசோமெப்ரசோல் எடுத்தோரில் 92 வீதமானோருக்கும் சிறுதுளைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரில் 85 வீதமானோருக்கும் நோய் அடங்கியிருந்தது. இரண்டும் நல்ல பலன்களே. 2017 இல் சுவீடன் நாட்டுப் பதிவேடுகளிலிருந்து 2,655 பேரின் கதையைத் திரட்டியபோது, சராசரி ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நோய் திரும்பியிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் நீண்டகால மருந்துக்கே சென்றனர். ஒரு தேர்ந்த சத்திரசிகிச்சைக்கு இது மோசமான கணக்கன்று. "ஒருமுறை செய்துவிட்டால் என்றைக்கும் விடுதலை" என்ற வாக்குறுதிக்குத்தான் இது பொருந்தாத கணக்கு.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2019 இல் அதே ஸ்பெக்லர் குழு வெளியிட்ட ஆய்வு. ஒமெப்ரசோல் எடுத்தும் எரிவு அடங்கவில்லை என்று முறையிட்ட 366 பேரை அழைத்தார்கள். சத்திரசிகிச்சை மேசைக்கு நேராக அனுப்பக்கூடியவர்கள் என்று நாம் நினைக்கும் கூட்டம் இது. முதலில் இரண்டு வாரங்களுக்கு அதே ஒமெப்ரசோலை, நாளுக்கு இரு தடவை, எப்படி எடுக்க வேண்டுமோ அப்படி எடுக்கச் சொன்னார்கள். அதிலேயே 42 பேருக்குக் குணம் தெரிந்துவிட்டது! உணவுக்கு அரைமணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மருந்தைச் சோறுண்டபின் விழுங்குகிறவர்கள் நம்மூரிலும் ஏராளம். சரியாக எடுத்தால் அடங்கும் எரிவுக்காக வயிற்றில் துளையிடுவது வீண். பின்னர் உட்காட்டிக் குழாய், அழுத்த அளவை, அமில அளவை எனச் சோதித்தபோது 99 பேருக்கு அமில மேலேற்றமே காரணமல்லவென்றும், 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோயென்றும் தெரிந்தது. வேறு காரணங்களாலும் பலர் விலகினர். இறுதியில் எஞ்சியவர் 78 பேர்.

அந்த எழுபத்தெட்டுப் பேரை மூன்றாகப் பிரித்தார்கள். நிஸ்ஸன் முறையில் சத்திரசிகிச்சை பெற்ற 27 பேரில் 18 பேருக்குப் பயன் கிடைத்தது. மேலதிக மருந்து பெற்ற 25 பேரில் ஏழு பேருக்கு. ஒமெப்ரசோலோடு வெறும் போலிக் குளிசை பெற்ற 26 பேரில் மூவருக்கு. உண்மையில் அமிலம் மேலேறித் துன்புறுகிறவர் யாரென்று சலித்தெடுத்தபின், மருந்தால் ஆகாததைக் கத்தி செய்து காட்டியது. சலிக்காமல் 366 பேருக்கும் செய்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இந்நோய் கவனிக்கப்படாமல் இல்லை. ஹெந்தளைக்கு அருகே ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்து ஆய்வாளர்கள், இந்நோயின் அறிகுறிகளை நம் மக்களிடம் கேட்டறிவதற்கான வினாக்கொத்தொன்றைத் தயாரித்துச் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்துமா உடையவர்களிடம் இவ்வறிகுறிகள் மற்றவர்களைவிட மிகுதி என்றும் கண்டிருக்கிறார்கள். இரவில் இருமி எழுந்து, அதை நெஞ்சுச்சளி என்று வருடக்கணக்காக மருந்து குடித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேரோ! சத்திரசிகிச்சையை எண்ணுகிறவர்களிடம் நான் சொல்லக்கூடியது, நிபுணரிடம் மூன்று கேள்விகளையேனும் கேளுங்கள் என்பதுதான். என் எரிவுக்கு அமிலந்தான் காரணம் என்பது அளந்து உறுதிசெய்யப்பட்டதா? என் உணவுக்குழாய் போதிய வலுவோடு உணவைக் கீழே தள்ளுகிறதா? நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்து, அவர்களை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு முகஞ்சுளிப்பவரிடம் அவசரப்பட வேண்டாம். நெஞ்சுவலியை எரிவென்று தாமாகவே முடிவுசெய்து வீட்டில் படுத்திருக்கவும் வேண்டாம். இதயநோயும் இதே வேடத்தில் வருவதுண்டு. விழுங்கச் சிரமம், உடல் மெலிவு, கறுப்பாக மலம் போதல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

2012 முதல் அமெரிக்காவில் காந்த மணிகள் கோத்த வளையமொன்றுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. விழுங்கும்போது மணிகள் விலகி வழிவிடும், பின்னர் தாமாகச் சேர்ந்துகொள்ளும். ஏவறையும் விடலாம் என்கிறார்கள். ஏஞ்சல்சிக்கின் வளையத்தைக் கண்டவர்கள் இதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிஸ்ஸன் 1981 இல் பாசலுக்கு அருகே ரீஹென் என்னுமிடத்தில் காலமானார். ஜேர்மனியில் மீண்டும் பதவி ஏற்கும்படி வந்த அழைப்புகளை அவர் ஏற்கவில்லை.